பால் குடிக்கும்போது இளையவள் நீலம் பாய்ந்துவிட்டாள்

தக்கலைப் பக்கம் வீடு. 33 வாரத்தில் பிறந்த இரட்டைப் பெண் பிள்ளைகள், இளையவள் 1.6 கிலோ. வீட்டுக்கு வந்து மூன்று நாள். விடியற்காலை, நல்ல மழை. குடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. உள்ளங்காலைச் சுண்டியதும்தான் மூச்சு வந்தது. அத்தை வசம்பு உரைக்கிறார். காலையில் டாக்டரைப் பார்த்தால் போதுமா?

பதில் 1: காத்திருக்காதீர்கள் அக்கா, 108-ஐக் கூப்பிடுங்கள். நீலம் பாய்ந்தாலே அவசரம்தான். வசம்பு வேண்டவே வேண்டாம். வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்திக் கொண்டுபோங்கள்.

பதில் 2: மூத்தவளையும் காட்டிவிடுங்கள்.

கேட்டவர்: ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். உடம்புச் சூடு 35.4 டிகிரி செல்சியஸ்தானாம், குறைவு. சூடு கொடுக்கும் வார்மரில் வைத்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மூத்தவள் தங்கை பங்கையும் சேர்த்துக் குடிக்கிறாள், கள்ளி. அத்தை வசம்பை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார்!