ஒப்புக்கொடுத்துவிட்டேன், ஆனால் முடிவை யார் எடுப்பது?

சாரல்_நெல்லை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வளைகுடாவில் ரெண்டு வருட ஒப்பந்த வேலை வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தம்பி கூட இருக்கிறான். எல்லாவற்றையும் கடவுள் கையில் ஒப்புக்கொடுத்து, "உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று ஜெபித்துவிட்டேன். ஆனாலும் ராத்திரியெல்லாம் சம்பளக் கணக்குத்தான் ஓடுகிறது. முழுசாக ஒப்புக்கொடுத்தவளுக்கு இப்படி ஓடுமா?

புது வருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எனக்கு எரேமியா 29:11 (உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம்). அத்தை அதைக் காட்டி "போ" என்கிறார். ஜெபக்குழு அக்கா ஒருவர், "கதவு திறந்தா தேவசித்தம், அடைச்சா இல்ல, நீ சும்மா இரு" என்கிறார். சும்மா இருந்தால் தேதி போய்விடும். நடைமுறையில் என்னதான் செய்வது?

பழைய_உபதேசி

சிஸ்டர், கணக்கு ஓடுவதால் ஒப்புக்கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது. சிலுவைக்கு முந்தின ராத்திரி ஆண்டவர் ஜெபித்ததை மத்தேயு 26-இல் வரிசையாக வாசியுங்கள். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று ஆண்டவர் தம் விருப்பத்தைத்தான் முதலில் சொல்கிறார். "ஆகிலும் உம்முடைய சித்தத்தின்படியே" என்பது அதற்குப் பிறகு வருகிறது. அதுவும் ஒரே தடவையில் முடியவில்லை. மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று 44-ஆம் வசனம் இருக்கிறது. விருப்பத்தைச் சொல்லாமல் நேரே "உம் சித்தம்" என்று தாவினால், சொல்லாத விருப்பம் ராத்திரி வந்து நிற்கும்.

பொதுவாகக் கோளாறு எங்கே என்றால், "எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்கிறோம், அந்த 'எல்லாம்' என்பதற்குள் எதுவும் பேர் சொல்லி இருப்பதில்லை. ஒரு தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள்: சம்பளம், அப்பாவின் உடம்பு, தம்பி மேல் விழும் சுமை, கடன் இருந்தால் அதன் தொகை, ஊர் என்ன சொல்லும் என்பது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இது நான் நினைத்தபடி நடக்காவிட்டாலும் உம்முடையது" என்று எழுதிக்கொண்டே போங்கள். எந்த வரியில் கை தயங்குகிறதோ, ஜெபிக்க வேண்டிய இடம் அதுதான். மீதியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் தினமும் எடுங்கள்.

அடுத்து, பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898) தேவசித்தம் அறிய ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். இந்தக் காரியத்தில் எனக்கென்று தனி விருப்பம் இல்லை என்ற நிலைக்கு மனதைக் கொண்டுவருவது முதல் படி. பத்தில் ஒன்பது பங்கு சிக்கல் இங்கேதான் என்பார். உணர்ச்சியை மட்டும் நம்பக் கூடாது. வேதவசனத்தோடு சேர்த்தே ஆவியானவரின் நடத்துதலைத் தேட வேண்டும். அதன்பின் சூழ்நிலைகள், அதன்பின் ஜெபம். கடைசியில் யோசித்து ஒரு தீர்மானத்துக்கு வர வேண்டும். இன்னும் இரண்டு மூன்று தடவை ஜெபித்த பிறகும் மனம் சமாதானமாக இருந்தால் செயல்படலாம்.

நம் பிரசங்கங்களில் முதல் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். தீர்மானம் என்ற கடைசிப் படியை முல்லர் விட்டுவிடவில்லை. "சும்மா இரு" என்பது அவர் முறையில் எங்கும் கிடையாது.

இறைவேண்டல்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் (திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் தந்தது) இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பத்தாயிரம் டூக்காட் பணம் கையில் வந்த மூன்று வகை ஆட்களை அவர் காட்டுகிறார். முதல் வகை, பணப்பற்றை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. இரண்டாம் வகை பற்றை விட விரும்பும், பணத்தை விடாது. தான் விரும்பிய இடத்துக்குக் கடவுள் வந்து சேர வேண்டும் என்று பார்க்கும். மூன்றாம் வகைக்கு வைத்திருப்பதும் சரி, விடுவதும் சரி, கடவுள் எதைக் காட்டுகிறாரோ அது. பக்தியுள்ளவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை என்பது என் கணிப்பு. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் "உமக்குச் சித்தமானால்" என்று செபிக்கிறோம்.

உங்கள் நிலைக்கு அவர் தரும் வழி இது. எடுக்க வேண்டிய முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "இந்த ஒப்பந்தத்தை ஏற்பதா, வேண்டாமா." மனம் தராசு முள் மாதிரி நடுவில் நிற்கும்வரை அருள் கேளுங்கள். பிறகு, போனால் இறைப்பணிக்கும் என் ஆன்மாவுக்கும் என்ன நன்மை, என்ன ஆபத்து, போகாவிட்டால் என்ன நன்மை, என்ன ஆபத்து என்று நான்கு பகுதியாக எழுத வேண்டும். பலர் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். போகாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு என்பது நான்காம் பகுதியை எழுதும்போதுதான் தெரியவரும். அறிவு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதன்படி முடிவெடுத்து, அந்த முடிவைக் கடவுள் முன் வைத்து உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முள் ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால், முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலைமையில் வந்து யோசனை கேட்டால் அவளுக்கு என்ன சொல்வீர்கள் என்று பாருங்கள். அதை நீங்களே செய்யுங்கள். சாகும் நேரத்தில் எப்படி முடிவெடுத்திருக்க ஆசைப்படுவேன் என்பதும் அவர் தரும் கேள்விதான்.

இன்னும் இரண்டு. மனம் வறண்டு, செபம் கசந்து கிடக்கும் நாட்களில் ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. நைட் டியூட்டி முடித்து வந்த காலையில் பதில் அனுப்பாதீர்கள். அடுத்தது, மாற்ற முடியாத முடிவு (திருமணம், குருத்துவம்) வேறு, மாற்றக்கூடியது வேறு என்று பிரிக்கிறார். உங்களுடையது இரண்டாவது. ரெண்டு வருட ஒப்பந்தத்துக்கு ஆயுள் முடிவின் பயம் தேவையில்லை.

வயலோரம்

மேலே எழுதிய இருவரும் வாக்குத்தத்த அட்டையை மென்மையாகக் கடந்து போய்விட்டார்கள்.

எரேமியா 29 பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. வாசித்த பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பும் என்று இனிப்பாகச் சொன்ன அனனியா 28-ஆம் அதிகாரத்தில் கள்ளத் தீர்க்கதரிசி. வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளைக் கட்டிக்கொடு, இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபி என்பதுதான் 5 முதல் 7 வரை. அந்த வசனத்திலிருந்து "விசா எடு" என்றும் வராது, "எடுக்காதே" என்றும் வராது. டிசம்பர் 31 ராத்திரி தட்டிலிருந்து எடுத்த அட்டை ஆறுதலுக்கு நல்லது, முடிவுக்கு ஆதாரமாகாது.

கதவு விஷயம். துரோவா பட்டணத்தில் கர்த்தராலே கதவு திறக்கப்பட்டிருந்தும் அப்போஸ்தலன் பவுல் அங்கே தங்கவில்லை. உடன் ஊழியரான தீத்துவைக் காணாததால் மனதில் அமைதி இல்லாமல் மக்கெதோனியாவுக்குப் போய்விட்டார் (2 கொரிந்தியர் 2:12, 13). எபேசுவிலோ கதவும் திறந்திருந்தது, விரோதிகளும் அநேகர், அவர் தங்கினார் (1 கொரிந்தியர் 16:8, 9). ஆகக் கதவு ஒரு தகவல், கட்டளை ஆகாது.

யாராவது "கிதியோன் மாதிரி அடையாளம் கேள்" என்று வருவார்கள். கிதியோனுக்கு "போ" என்ற கட்டளை நியாயாதிபதிகள் 6:14-லேயே கிடைத்தாயிற்று. ஆட்டு ரோமத் தோலை ராத்திரி தரையில் போட்டு, பனி அதில் மட்டும் விழ வேண்டும் என்று அடையாளம் கேட்டது அதற்குப் பிறகு, நம்பிக்கை போதாமல்.

டயாலிசிஸ்_அட்டெண்டர்

ஆவிக்குரிய பக்கம் நிறையப் பேசியாச்சு. நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருட ஆயுள் வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையை அவருடைய பிளவைக் கட்டியின் மேல் மருந்தாகப் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). நீங்கள் போட வேண்டிய அடைகளைச் சொல்கிறேன்.

ஏஜெண்டின் பதிவு எண்ணை, வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது, ஜெபித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தமிழ்நாடு அரசு நிறுவனமான ஓஎம்சிஎல் மூலமாகவும் நர்ஸ்கள் போகிறார்கள்.

அப்பா பக்கம்: தம்பிக்கு டிரை வெயிட் (அதிகப்படி நீர் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) என்ன, இரண்டு அமர்வுக்கு நடுவே எவ்வளவு எடை ஏறலாம், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் வேறு ஊசியோ பிபி பட்டையோ கூடாது, இளநீரும் வாழைப்பழமும் டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது என்பதெல்லாம் தெரியுமா? அவனுக்குக் காய்ச்சல் வந்தால் வாரத்தில் மூன்று நாளும் அப்பாவைக் கூட்டிப் போவது யார்? இதற்குப் பேரோடு பதில் இல்லாமல் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஏறிப் போனால், ஒப்புக்கொடுத்தல் என்ற பேரில் தம்பி தலையில் இறக்கிவைத்ததாகத்தான் அர்த்தம்.

சாரல்_நெல்லை

எல்லாருக்கும் நன்றி. தாளில் எழுதிப் பார்த்தேன். கை நின்றது சம்பளத்தில் இல்லை, "ஊர் என்ன சொல்லும்" வரியில். ஒரு கேள்வி மட்டும்: சரியாகத் தீர்மானித்துப் போய், அங்கே இருக்கும்போது அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சித்தத்தைத் தவறவிட்டேன் என்று ஆகுமா?

பழைய_உபதேசி

ஆகாது. அப்போஸ்தலர் 16-இல் பவுலும் கூட இருந்தவர்களும் தரிசனம் கண்டு, கூடி யோசித்து, நிச்சயித்துக்கொண்டுதான் மக்கெதோனியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அதே அதிகாரத்தில் பவுலும் சீலாவும் அங்கே பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டார்கள். வழி தவறியதாக யாரும் அதை எண்ணவில்லை. உங்கள் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பணி செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து, ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் பணியில் இருந்தார். 1901-இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியால் அந்தப் பணி பிள்ளைகளை வளர்க்கும் வேலையாக மாறியது. 1931-இல் விழுந்து அடிபட்டபின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். எடுத்த முடிவு சரியா என்பதைப் பின்னால் வந்த கஷ்டத்தை வைத்து அளந்தால் இவர்களில் ஒருவரும் தேற மாட்டார்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அத்தை, அக்கா எல்லாரும் பேசுகிறார்கள், அப்பா என்ன சொல்கிறார்? டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கு அசதியாக இருப்பார், மறுநாள் காலையில் உட்கார்ந்து கேளுங்கள். "போகட்டுமா" என்று கேட்காதீர்கள், போ என்றுதான் சொல்வார். "நான் இல்லாத ரெண்டு வருஷத்துல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும்ப்பா" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நான்கு பகுதித் தாளில் உரிய இடத்தில் எழுதிவிட்டு மறுபடி ஜெபியுங்கள்.