உப்புத் தண்ணீரும் சிக்கனக் குழாய்களும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பென்னாகரம் வாசகி:
தண்ணீரை மிச்சப்படுத்தத்தான் இரட்டைப் பொத்தான் ஃபிளஷ் டேங்க் வைத்தோம். வைத்துச் சில மாதங்களில் மேல்தொட்டி விடிவதற்குள் காலியாகத் தொடங்கியது. குழாய் எதுவும் சொட்டவில்லை, சுவரிலும் ஈரமில்லை. பிளம்பர் வந்து மோட்டாரைக் குறை சொல்லிவிட்டுப் போனார். என் மாமியார்தான் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை டேங்கிற்குள் விட்டு, யாரும் உள்ளே போகக் கூடாது என்று கதவைச் சாத்தினார். சற்று நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், யாரும் பொத்தானை அழுத்தாமலேயே வெள்ளைப் பீங்கானில் நூல் போல ஒரு நீலக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. டேங்கின் அடியில் வாஷர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, வாஷரை முழுதாகப் படியவிடாமல் வைத்திருந்திருக்கிறது. பல்லில் கறை ஏற்றும் நம் தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரின் ஃபுளோரைடு, பல்லோடு நிற்காமல் வாஷரையும் பிடித்துக்கொண்டது.

காவேரிப்பட்டணம் வாசகர்:
உங்கள் மாமியாருக்கு என் வணக்கம், ஆனால் பழியை ஃபுளோரைடின் மேல் போடுவதை ஏற்க முடியாது. ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பொருக்குக் கட்டுவது கால்சியமும் மக்னீசியமும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான், வெள்ளை படியாத போர் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பிச் சிலர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதை சிறியது. சமையலறைக் குழாயின் முனையில் இருந்த ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சிறு சல்லடை) அடைத்துக்கொண்டு தண்ணீர் நூலாக வந்தது. வந்த பிளம்பர் அதைக் கழற்றிச் சாக்கடைப் பக்கம் வீசிவிட்டு, "நம்ம ஊரு தண்ணிக்கு இதெல்லாம் ஆகாதுங்க" என்றார். அதைத் தேடி எடுத்து உள்ளங்கையில் தட்டியபோது சல்லடையிலிருந்து ரவை போல வெள்ளைத் துகள்கள் கொட்டின. வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து மாட்டியதும் பழையபடி ஓடுகிறது.

ஓசூர் வாசகர்:
எங்கள் அடுக்குமாடியில் கடைசி மாடிக்குக் குடிபோன அன்று, சிக்கன ஷவரின் கீழ் தலையில் ஷாம்புவோடு நின்றேன். தண்ணீர் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கியதே தவிர என் மேல் விழவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: கடையில் பெட்டியின் மேல் இருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள், அது நல்ல அழுத்தத்தில் அளந்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். முதலில் ஒரு லிட்டர் சொம்பைக் குழாயடியில் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஆறு நொடி என்றால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர், அங்கே ஏரேட்டர் போட்டால் பலன் தெரியும். இருபது நொடி என்றால் மூன்று லிட்டர்தான், அந்தக் குழாய் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் இருக்கிறது, அதில் எதையும் மாட்ட வேண்டாம். கீழ்த்தளத்தில் அழுத்தம் கூடுதல் என்பதால் ஒரே கட்டடத்தில் ஒரே பொருளை எல்லா மாடிக்கும் மொத்தமாக வாங்குவது வீண்செலவு. இரட்டைப் பொத்தான் ஃபிளஷில் சின்னதற்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர் என்று இருப்பது போதும், ஆனால் பீங்கானும் அதே அளவுக்கு வார்த்ததாக இருக்க வேண்டும். பத்து லிட்டருக்கு வார்த்த பழைய பீங்கானில் இரண்டு முறை அழுத்த வேண்டிவரும்.

அரூர் வாசகர்:
வினிகர் என்று சொன்னவர் பிழைத்தார். எங்களுக்கு வாய்த்த பிளம்பர் பாத்ரூம் ஆசிடைத் துணியில் நனைத்துக் குழாய் முனையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். துணியை எடுத்தபோது உப்போடு சேர்ந்து பளபளப்பும் உரிந்து, உள்ளே இருந்த பித்தளை திட்டுத்திட்டாகத் தெரிந்தது. புதுக் குழாயின் விலையில் பாதியைத் தருவதாகச் சொன்னார், இன்னும் தரவில்லை.