மாடியில் படம், துணித் தோரணம்: மே மாதக் காற்றுக்கு என்ன வழி?

தென்காசி மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் நாத்தனார் பிள்ளைகள் மூன்று பேரும் சென்னையிலிருந்து வருகிறார்கள். என் இரண்டையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். போன லீவில் மாடியில் படம் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், அது பாதியிலேயே நின்றுபோனது. இந்தத் தடவை சரியாகச் செய்துவிட வேண்டும்.

போன வருஷம் நடந்தது இதுதான். புரொஜக்டரை வாடகைக்கு எடுத்தோம். பிள்ளைகள் அவசரப்படுத்த, ஆறேகாலுக்கே போட்டுவிட்டோம். படம் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது. கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தேன். ஏழரைக்கு மலைப்பக்கத்திலிருந்து காற்று கிளம்பியதும் அது பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டது. கடையில் வாங்கிய ஜிகினாத் தோரணம் சரசரவென்று சத்தம் போட்டதோடு அறுந்துபோய்த் திரைக்கு நடுவில் தொங்கியது.

என் மாமனாருக்கு 78 வயது. மூட்டுவலியோடு பதினெட்டுப் படி ஏறி வந்தார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, அடுத்த தடவை பாப்போம்" என்று இறங்கிப் போனார். கீற்றுக்கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த கதையை இன்றும் பேரன் பேத்திகளுக்குச் சொல்கிறவர். அவரை அப்படி அனுப்பிவைத்தது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

இரண்டு கேள்விகள். திரை ஆடாமல் நிற்க என்ன செய்வது? தோரணத்தை நானே தைக்கலாமா? மெஷின் இருக்கிறது. அத்தை போன பிறகு பீரோவில் அவர்களுடைய சுங்கடிப் புடவைகள் நாலு அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கலாமா என்றுதான் தயக்கம்.

ஊசிநூல்:

தங்கச்சி, கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவர் சரி என்று சொன்னால் மேலே படி.

நான் மதுரையில் இருபது வருஷமாகத் தைக்கிறேன். முழுப் புடவையையும் வெட்டத் தேவையே இல்லை. புடவை ஐந்தரை மீட்டர். இடுப்பில் செருகும் உள்பக்கத்திலிருந்து ஒரு மீட்டர் மட்டும் வெட்டு. முந்தானை அப்படியே இருக்கும், கரையும் இருக்கும். மிச்சம் நாலரை மீட்டரில் நாளைக்கு உன் மகளுக்கு ஒரு பாவாடை தைக்கலாம்.

அந்த ஒரு மீட்டரைக் குறுக்குவாட்டில் 8 அங்குலப் பட்டைகளாக வெட்டினால் ஐந்து பட்டை வரும், கடைசிப் பட்டை மட்டும் அரை அங்குலம் போலக் குறையும். ஒவ்வொரு பட்டையிலும் முக்கோணங்களை ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக என்று மாற்றி மாற்றி வரைந்துகொள். அடி 6 அங்குலம், உயரம் 8. பட்டைக்குப் பதினாலு கிடைக்கும், ஓரத்தில் மட்டும்தான் கொஞ்சம் வீணாகும். பூப்போட்ட துணியில் இப்படி வெட்டினால் பாதிப் பூ தலைகீழாக நிற்கும். சுங்கடிப் புள்ளிக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. இந்த வேலைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆக ஒரு புடவைக்கு 70 முக்கோணம். இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுத் தைத்தால் 20 அடிக்கு 30 போதும். கணக்குப் பார்த்துக்கொள்.

ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டும் கத்தரிக்கோல் இருந்தால் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். ஒரு அங்குல அகலப் பருத்தி நாடாவை இரண்டாக மடித்து, நடுவில் முக்கோணத்தின் அடியைச் செருகி ஒரே ஓட்டாகத் தைத்துக்கொண்டே போ. இரண்டு முனையிலும் கட்டுவதற்கு இரண்டடி விடு. இதை மறந்துவிட்டு அப்புறம் ஒட்டுப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய சுங்கடி துவண்டு கிடக்கும். வடித்த கஞ்சியில் தண்ணீர் விட்டு முக்கி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் முனை விறைப்பாக நிற்கும், காற்றில் சுருண்டுகொள்ளாது. விசேஷம் முடிந்ததும் கஞ்சி போக அலசிக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். கஞ்சியோடு பெட்டியில் வைத்தால் கரப்பான் தின்றுவிடும்.

ஜிகினாவை இனி வாங்காதே. பிளாஸ்டிக் கொடிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை இருக்கிறது. துணி என்றால் பத்து வருஷம் வரும்.

பழைய ஆபரேட்டர்:

அம்மா, கோவில்பட்டிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் பதினோரு வருஷம் மெஷின் ஓட்டியவன் எழுதுகிறேன். உங்கள் மாமனார் இறங்கிப் போனதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

முதலில் நேரம். மே கடைசியில் உங்கள் ஊரில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் விழுகிறது. மலைக்குப் பின்னால் முன்னமே மறைந்தாலும் வானத்தில் வெளிச்சம் நிற்கும். ஏழேகாலுக்கு முன்னால் புரொஜக்டர் விளக்கைப் போடாதீர்கள். அதுவரை பிள்ளைகளை எப்படிப் பிடித்து வைப்பது என்றால், நாங்கள் செய்ததைச் செய்யுங்கள்: பாட்டுப் போடுங்கள். கொட்டகை உச்சியில் குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுக் கேட்ட பிறகுதான் சுற்றுப்பட்டி ஜனங்கள் சோற்றை முடித்துக்கொண்டு கிளம்புவார்கள். பாட்டு என்றால் படம் வரப்போகிறது என்று அர்த்தம். அந்தக் காத்திருப்பும் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.

அடுத்து திரை. கட்டில் விரிப்பை விடுங்கள். எட்டு முழ வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளம், நாலடி உயரம் வரும். இப்போதைய அகலப்படம் அதற்குள் கச்சிதமாக உட்காரும். வேட்டியின் கரை மேலும் கீழும் சட்டம் மாதிரி நிற்கும். ஒற்றைத் துணி என்றால் ஒளி பின்னால் கசிந்து படம் வெளுக்கும், அதனால்தான் இரட்டை. பின்பக்கம் தெருவிளக்கு இருந்தால் ஒரு கறுப்புத் துணியும் சேர்த்துக் கட்டுங்கள்.

உங்கள் ஊர்க் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வருவது. அதோடு மல்லுக்கட்டினால் துணிதான் கிழியும். மாடிப்படிக் கூண்டு இருக்கும் இல்லையா, அதன் கிழக்குச் சுவரில் திரையைக் கட்டுங்கள். மேற்கே இருந்து வருகிற காற்றைச் சுவர் வாங்கிக்கொள்ளும். மேலேயும் கீழேயும் மடித்துத் தைத்து மூங்கில் கம்பு செருகுங்கள். நாலு மூலையையும் கயிற்றால் இறுக்க வேண்டாம், பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கட்டுங்கள். காற்று தள்ளும்போது டியூப் இழுபடும், விட்டதும் திரும்பும், துணி தளரவே தளராது. நான் கண்ணால் பார்த்துச் செய்த வேலை இது.

தோரணத்தைத் திரைக்கு மேலே கட்டாதீர்கள். ஆடுகிற பொருள் கண்ணை இழுக்கும், நிழலும் விழும். கைப்பிடிச் சுவரிலும் படிக்கட்டிலும் கட்டுங்கள். தெருக் கம்பத்துக்கு இழுக்கவே கூடாது, மின்கம்பி பக்கம் போகவே கூடாது.

எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ரீல் மாற்ற மாற்ற இடைவேளை விடுவோம், ஒரு படத்துக்கு மூன்று கூட வரும். முறுக்குக்காரருக்கு அதுதான் பிழைப்பு. திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினாரே, அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். நீங்களும் இரண்டு இடைவேளை விடுங்கள். பெரியவர் காலை நீட்டி மடக்க நேரம் கிடைக்கும்.

கோவை தம்பி:

அக்கா, இரண்டு விஷயம் மட்டும். போனிலிருந்து அப்படியே புரொஜக்டருக்கு அனுப்பினால் ஓடிடி படங்கள் பல நேரம் கறுப்பாகத்தான் வரும், சத்தம் மட்டும் கேட்கும். டிவியில் செருகும் ஸ்டிக்கைப் புரொஜக்டரில் செருகி முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். ஸ்பீக்கருக்கு புளூடூத் வேண்டாம், உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஒயர் போடுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியில் போட்ட லூமென்ஸை, அதாவது வெளிச்ச அளவை நம்பாமல், ஆன்சி (தரமுறைப்படி அளந்த) லூமென்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறம், இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி வைக்க சட்டம் இடம் தராது. ஏழேகாலுக்கு ஆரம்பித்து இரண்டு இடைவேளையும் விடுவதாக இருந்தால், இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிகிற படமாகப் பாருங்கள்.

தென்காசி மருமகள்:

மன்னிக்கவும், பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்றுதான் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பினார்கள்.

ஊசிநூல் அக்கா, மாமாவிடம் கேட்டேன். எழுந்து போய் நாலு புடவைகளையும் அவரே எடுத்துவந்து கட்டிலில் விரித்தார். அரக்குச் சிவப்பை மட்டும் மடித்துத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மத்த மூணையும் எடுத்துக்கோம்மா" என்றார். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் வெட்டினேன். 210 முக்கோணம். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ஊதா. மூத்த பையன் அளவு போட்டான், சின்னவள் நாடாவைப் பிடித்துக்கொண்டாள். தைத்து முடிக்க இரண்டு மத்தியானம் ஆனது.

ஆபரேட்டர் ஐயா, படிக்கூண்டுச் சுவர் யோசனைக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அன்றைக்கு எட்டு மணிக்குக் காற்று பிய்த்து எடுத்தது. தோரணம் முழுவதும் படபடவென்று அடித்துக்கொண்டது, திரையில் ஒரு சுருக்கம் விழவில்லை. தளம் சூடாக இருக்குமே என்று ஐந்து மணிக்கே பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிக் கோரைப்பாய் விரித்திருந்தேன். முதல் இடைவேளைக்கு மாங்காய் பத்தை, இரண்டாவதற்கு நுங்கு.

தம்பி, ஒயர்தான் போட்டேன். ஒன்பது ஐம்பதுக்கு முடிந்தது.

மாமா கடைசி வரை இருந்தார். நாற்காலி போட்டிருந்தேன். முதல் இடைவேளையில் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் மஞ்சள் முக்கோணம் ஒன்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. பாயில் சின்னவளுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. சனிக்கிழமை அடுத்த படம் என்ன என்று இன்று காலையிலேயே கேட்டுவிட்டார்.