பொருள்: ‘ரிடாக்ட்’ என்பதற்கு ‘மறை’ போதுமா?

வணக்கம்.

அலுவலகச் செயலிகளின் பட்டிகளைத் தமிழாக்கும்போது ஒரே குடும்பத்து வினைகள் கொத்தாக வந்து நிற்கின்றன: டிலீட், ரிமூவ், கிளியர், எரேஸ், ஹைட், மாஸ்க், ரிடாக்ட். பாதிக்கு ‘நீக்கு’, மீதிக்கு ‘மறை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பெரும்பாலானவற்றுக்குத் தமிழிலேயே தெளிவான வேறுபாடு இருக்கிறது. பொருளே இல்லாமல் போனால் அழித்தல். இங்கிருந்து எடுத்தாலும் வேறெங்கோ இருக்குமானால் நீக்குதல். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை நீக்கலாம், அழிக்க முடியாது. பாத்திரம் இருக்க, உள்ளே இருப்பது மட்டும் போனால் காலிசெய்தல், கிளியர் அதுதான். எரேஸ் என்பதன் லத்தீன் வேர் சுரண்டலைக் குறிக்கும்; வட்டு முழுவதையும் எரேஸ் செய்வதற்குத் ‘துடைத்தழி’ பொருந்தும். எக்செல் நெடுவரிசையை ஹைட் செய்வது ‘மறை’, அதன் எதிர் ‘காட்டு’. ஆதாரில் முதல் 8 இலக்கங்களை மூடிக் கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் மாஸ்க்குக்குத் ‘திரையிடு’ சரியாக வரும்.

இடிப்பது ரிடாக்ட் மட்டுமே. ஆவணத்தில் குறிப்பிட்ட சொற்களை யாரும் படிக்க முடியாதபடி கறுப்புக் கட்டமாக்கி வெளியிடுவது. ‘மறை’ என்றே வைக்கலாமா? இருட்டடிப்பு, மறைநீக்கம், கருநீக்கம் ஆகியவையும் மனத்தில் உள்ளன. கருத்துச் சொல்லுங்கள்.

———

> இருட்டடிப்பு, மறைநீக்கம், கருநீக்கம்

மூன்றும் வேண்டாம் ஐயா. ‘செய்தியை இருட்டடிப்புச் செய்தார்கள்’ என்பது நாளிதழ்களில் குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை நீதிமன்றத் தீர்ப்பில் எடுத்துவிடுவது கடமை. அதற்கு வசைச்சொல் ஒட்டாது. ‘மறைநீக்கம்’ என்றால் மறைப்பை நீக்குவது என்றுதான் படிப்பார்கள். மறையாக்கத்தின் (என்கிரிப்ஷன்) எதிர்ச்சொல்லாக அது ஏற்கெனவே புழங்குகிறது. ‘கருநீக்கம்’ மகப்பேறு மருத்துவமனைப் பலகையில்தான் இருக்க முடியும்.

‘மறை’ என்பதிலுள்ள ஆபத்து வேறு வகை. அந்தச் சொல்லே தவறான செயலைக் கற்றுக்கொடுத்துவிடும். மறைத்தது அடியில் இருக்கும், காட்டென்றால் காட்டும். ரிடாக்ட் செய்ததில் அடியில் எதுவும் இருக்கக் கூடாது.

பிடிஎஃப் கோப்பில் எழுத்து ஒரு பொருள், அதன் மேல் வரையும் கறுப்புச் செவ்வகம் இன்னொரு பொருள். செவ்வகத்தை வரைந்து சேமித்தால் எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். சுட்டியால் தேர்ந்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினால் முழுதும் வந்து விழும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குக் கணினியில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் 2016 தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனாஃபோர்ட்டின் வழக்குரைஞர்கள் தாக்கல் செய்த மனுவில் நடந்ததும் இதுதான். செய்தியாளர்கள் கறுப்புக் கட்டங்களை நகலெடுத்து ஒட்டியே, அவர் தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவைத் தம் கூட்டாளி கிலிம்னிக்கிடம் பகிர்ந்ததாகக் கூறப்பட்ட பகுதியைப் படித்துவிட்டார்கள்.

செவ்வகத்தோடு முடிவதில்லை. வருடிய ஆவணத்தில் படத்தைக் கறுப்பாக்கினாலும், எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) சேர்த்த கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கு தப்பிவிடும். பிடிஎஃப்பைச் சாதாரணமாகச் சேமிக்கும்போது சில செயலிகள் மாற்றத்தைக் கோப்பின் வாலில் சேர்க்கின்றன. பழைய பக்கம் உள்ளேயே கிடக்கும். கைபேசியில் ஹைலைட்டர் தூரிகையால் கறுப்புத் தேய்ப்பது இன்னும் மோசம், அது ஒளி ஊடுருவும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண்கள் எழுந்து வரும். கட்டம் கட்டமாக மங்கலாக்கினால், 0 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் அதே அளவில் மங்கலாக்கி ஒப்பிட்டு ஊகிக்கலாம். தாளில் மார்க்கரால் அடித்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அச்சு தெரியும். அதனால்தான் அடித்த தாளை ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை மட்டும் கொடுப்பது.

ஆகவே சொல்லில் இரண்டு கூறுகள் வேண்டும்: அடியில் உள்ளது போய்விட்டது, எடுத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது அழகுக்காக அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 10, விலக்குப் பெற்ற பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டு எஞ்சியதைத் தரச் சொல்கிறது. ஒரு பகுதிதான் தரப்படுகிறது என்பதையும் காரணத்தையும் மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். சுவடின்றி அழித்தால் அது வேறு குற்றமாகிவிடும்.

———

> சொல்லில் இரண்டு கூறுகள் வேண்டும்

பத்திர எழுத்தர்களிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: அடித்தல். ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்ற வரியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். ‘பட்டியலில் பேரை அடிச்சிட்டாங்க’ என்பதும் பேச்சு வழக்கு. பதிவுச் சட்டம் 1908, பிரிவு 20, இடைச்செருகல், வெற்றிடம், அழிப்பு, மாற்றம் உள்ள ஆவணத்தில் எழுதிக்கொடுத்தவர் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இடாவிட்டால் பதிவாளர் மறுக்கலாம் என்கிறது.

ஆனால் பத்திரத்தில் ஒற்றைக் கோட்டால்தான் அடிப்பார்கள். அடித்த சொல் படிக்கக் கிடைக்க வேண்டும், சுரண்டினால்தான் சந்தேகம் வரும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். போதாக்குறைக்குக் கணினியில் ‘அடி’ என்றால் தட்டச்சு செய் என்றும் ஆகிறது. எனவே முன்னே ஒரு சொல் ஒட்டி, ‘மையடி’ என்கிறேன். மையடிப்பு, மையடித்த நகல், மையடிக்காத நகல் எனப் பெயரும் அடையும் தடையின்றி வருகின்றன. ‘மறை’, ‘அழி’ இரண்டும் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே ஏவல் வடிவில் நிற்பவை. பொத்தானில் வந்தால் ‘நீ மறைந்து போ’ என்றும் படிக்கலாம். ‘மையடி’யில் அந்தத் தொல்லை இல்லை.

‘கரிபூசு’ நினைவுக்கு வந்தது. முகத்தில்தான் பூசுவோம், விட்டுவிட்டேன்.

———

> மையடி

ஏற்கிறேன், இரண்டு தயக்கங்களோடு. கட்டற்ற அலுவலகச் செயலியான லிபர்ஆபிஸில் கருவிகள் பட்டியின் வழி ஆவணத்தை ரிடாக்ட் செய்யும்போது ஏற்றுமதியில் கறுப்பு, வெள்ளை என இரு தேர்வுகள் உண்டு. வெள்ளை மையா என்று கேட்பார்கள். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாட்டில் வெள்ளை மை மொழிக்கு அந்நியமல்ல. ஆனால் வெள்ளைத் தாளில் வெள்ளைக் கட்டம் எடுத்த தடத்தையே காட்டாது. உதவிக்குறிப்பில் கறுப்பையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்க வேண்டும்.

அடுத்தது, ‘மையடி’யும் மேலே பூசுவதாகவே தொனிக்கிறது. இதைச் சொல்லால் தீர்க்க முடியாது, படிநிலையால் தீர்க்கலாம். நல்ல கருவிகள் எல்லாமே வேலையை இரண்டாகப் பிரிக்கின்றன. லிபர்ஆபிஸில் முதலில் வருவது ஒளி ஊடுருவும் சாம்பல் கட்டம். அந்த நிலையில் எதுவும் போகவில்லை, திருத்தலாம். ஏற்றுமதி செய்யும்போதுதான் பக்கம் முழுதும் படமாகி எழுத்துகள் தொலைகின்றன. அந்தப் பிடிஎஃப்பில் தேடல் வேலை செய்யாது, பார்வையற்றோரின் திரைபடிப்பானுக்கும் எதுவும் கிடைக்காது. அடோபியின் பிடிஎஃப் செயலியான அக்ரோபேட்டிலும் குறிப்பது ஒரு படி, செயற்படுத்துவது இன்னொரு படி.

ஆகவே பட்டியில் முதலாவது ‘மையடிக்கக் குறி’, இரண்டாவது ‘மையடித்து ஏற்றுமதி செய்’. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் சாம்பல் கட்டத்தோடு கோப்பை அனுப்பிவிடுவார்கள். ஏற்றுமதிக்குப் பின் வரும் செய்திப்பெட்டியில் இதைச் சேர்க்கலாம்: ‘அனைத்தையும் தேர்ந்து நகலெடுத்து, வெற்று உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். மையடித்த சொல் அங்கே வந்தால் கோப்பை அனுப்பாதீர்கள்.’

மாற்றுக் கருத்து இல்லையென்றால் இந்த வடிவிலேயே மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ஹைட்டுக்கு இருக்கும் ‘மறை’யைத் தொடவில்லை.