அரபிக்கடலுக்கு மேல் ஒன்றரை மணிநேரம்

போன மாதம் விடுமுறையில் சுன்னாகம் வந்திருந்தேன். பின்னேரம் முற்றத்தில் இருக்கும்போது பலாலியில் இறங்கப் போகும் சென்னை விமானத்தின் இரைச்சல் கேட்டது. மாமா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, பிளேன் தன்பாட்டில ஓடுமாமே. அதுக்குள்ள இருந்து நீ என்ன செய்யிறனீ?"

அவர் 30 வருடம் ஒஸ்ரின் காரில் ஹயர் ஓடியவர். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

வளைகுடாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவுப் பயணம். நான் துணை விமானி. 37,000 அடியில் போய்க்கொண்டிருந்தோம். உயரம் மெல்லக் குறைவதைக் கண்டேன். கேப்டனும் கண்டுவிட்டார். எச்சரிக்கை ஒலி வரும் முன்பே பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி, விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியான ஆட்டோபைலட்டைக் கழற்றி, "என் கையில்" என்றார். நான் முதலில் பார்த்தது வேகமானிகளைத்தான். அவர் பக்கம், என் பக்கம், நடுவிலுள்ள மாற்று மானி. மூன்றும் ஒரே வேகத்தைக் காட்டின. பெரிய ஆறுதல் அதுதான். 2009 ஜூன் 1இல் அத்திலாந்திக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல் வேகம் அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்து, அளவுகள் பொய்யாகி, ஆட்டோபைலட் கழன்றது. அதன்பின் கையால் ஓட்டியதில் நடந்த தவறுகளோடு 228 பேர் போனார்கள். அந்தக் கதை படிக்காத விமானி இல்லை.

எங்கள் ரகத்தில் இரண்டு ஆட்டோபைலட்கள். இரண்டாவதைப் போட்டோம். சில நிமிடம் பிடித்தது, பிறகு அதுவும் கழன்றது.

சரி, கைதான். அந்த உயரத்தில் காற்று மெல்லியது. விரலால் தொட்டாலே மூக்கு ஏறும், இறங்கும். அதைவிட, 29,000 அடிக்கு மேலே எதிர்த் திசை விமானங்கள் 1,000 அடி வித்தியாசத்தில்தான் போகும். உயரத்தைத் தானாகப் பிடிக்கும் கருவி இல்லாமல் அங்கே நிற்க அனுமதியில்லை. மும்பை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குச் சொன்னேன். 27,000 அடிக்கு இறக்கினார்கள். கீழே போனால் எரிபொருள் கூடச் செலவாகும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுநாயக்கா வரை போதும், மேலதிகமும் இருந்தது.

பிறகு ஒன்றரை மணிநேரம். 20 நிமிடத்துக்கு ஒருதரம் கை மாற்றினோம். ஒருவர் ஓட்டினால் மற்றவர் வானொலி, வரைபடம், எரிபொருள், எல்லாம். கேப்டன் அதிகம் பேசவில்லை. நான் பிடித்த ஒவ்வொரு முறையும், "இறுக்கிப் பிடிக்காதே, கையைத் தளர்வாய் வை" என்று மட்டும் சொல்லுவார். பின்னால் பயணிகள் நல்ல நித்திரை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெல்ட் விளக்கு எரிந்ததுதான். மாதத்தில் ஒரு நாளாவது, வானம் தெளிவாக இருக்கும்போது கையால் ஓட்டிப் பழக எங்களை விட வேண்டும். அன்றைக்கு என் கை கொஞ்சம் பழகியிருந்ததால்தான் பயம் வரவில்லை.

மாமா முழுக்கக் கேட்டார். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கழட்டேக்க ஒரு பக்கம் இழுத்ததோ?"

இழுத்தது. கழற்றிய கணத்தில் மூக்கு கீழே இழுத்ததைக் கேப்டன் பிடித்துச் சமன் செய்ததை அவருக்குச் சொல்ல நான் மறந்துபோனேன்.