விலை பேசுவது முதலிலா, மெக்கானிக்கிடம் காட்டுவது முதலிலா?

புது ஓட்டுநர்

2018 மாடல் பெட்ரோல் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மேனுவல் கியர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர். ஒரே ஓனர் என்கிறார். ஓட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது. என் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்றேன். "முதலில் விலையை முடியுங்கள், அட்வான்ஸ் கொடுங்கள், அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்" என்கிறார். விலையை முடித்தபிறகு மெக்கானிக் ஏதாவது குறை கண்டுபிடித்தால் எந்த முகத்தோடு குறைக்கச் சொல்வது? விலையே பேசாமல் கேட்டால் வண்டியைத் தரமாட்டார் போலிருக்கிறது. நாளைக்கே இன்னொருவர் முழுப் பணத்தோடு வருகிறார் என்று வேறு சொல்கிறார். பேரம் எனக்குச் சுத்தமாக வராது. எதிராளி ஒரு தொகை சொன்னால் தலையாட்டிவிடும் ரகம். எந்த வரிசையில் போவது?

பட்டறைக்காரன்

வாங்குவதற்கு முன் வண்டியைப் பார்த்துச் சொல்வது என் வேலையில் பாதி. நேராகச் சொல்கிறேன்: விலையைப் பேசுங்கள், முடிக்காதீர்கள். "இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி மூன்றும் நீங்கள் சொன்னபடி இருந்தால் இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், மெக்கானிக் பார்த்ததும் உறுதி சொல்கிறேன்" என்று நிபந்தனையோடு ஒரு தொகை சொல்லிவிடுங்கள். சும்மா பார்க்க வந்த ஆள் இல்லை என்று அவருக்குப் புரியும், பின்னால் பேச உங்களுக்கும் இடம் இருக்கும். நாளைக்கு வருகிற அந்த இன்னொருவர் எல்லா வண்டிக்கும் உண்டு. வாங்கிப் போனால் போகட்டும், அந்த மாடலில் ஒரே ஒரு வண்டியா செய்தார்கள்?

மெக்கானிக்கிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க லிஃப்ட் உள்ள பட்டறையாக இருக்கட்டும். ஒழுங்காகப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கூலி உங்களுடையது. விற்பவரே ஓட்டிவந்து கூட நிற்கட்டும், அவருக்கும் நிம்மதி. "எனக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறது" என்றால் மட்டும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். வண்டியை வெளியே எடுக்கமாட்டேன் என்றால் மெக்கானிக்கை அவர் இடத்துக்கே கூட்டிப் போகலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால் அந்த வண்டியை மறந்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் "வண்டி நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். "அடுத்த 20,000 கிலோமீட்டருக்குள் இதில் என்ன செலவு வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு" என்று கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள். பேரத்துக்கு அந்தத் தாள்தான் வேண்டும். சொல்வதை விற்பவர் காதில் விழாமல் தனியாகச் சொல்லும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அன்று காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று முதல்நாளே சொல்லி, ஆறிய இன்ஜினோடு நிற்கும்போது நீங்களே போய் உடனிருந்து பாருங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். முதல் சில நொடிகளில் டைமிங் செயின் கடகடப்பதும், வால்வு சீல் தேய்ந்த வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு நீலப்புகை விடுவதும் ஆறிய இன்ஜினில்தான் தெரியும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கில் கைவைத்திருக்கிறார்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால்காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் கூலன்ட் டப்பாவையும் பார்க்க வேண்டும், அங்கே எண்ணெய் மிதந்தால், இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான் முதல் சந்தேகம்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் பற்றி எல்லாரும் பாதிதான் சொல்கிறார்கள். "மாட்டிப் பார்த்தேன், பிழை ஒன்றும் இல்லை" என்பது போதாது. பிழைக் குறிகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்தபிறகு எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் பெரும்பாலான வண்டிகளின் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். 12 கிலோமீட்டர் என்று வந்தால் நேற்று யாரோ அழித்திருக்கிறார்கள். ஆக்சிஜன் சென்சார், கேடலிட்டிக் கன்வர்ட்டர் ஆகியவற்றின் சுயசோதனை "முடியவில்லை" என்று நிற்பதும் அதே அடையாளம்தான். பேட்டரி மாற்றினேன், அதனால்தான் என்பார். இருக்கலாம். சில நாள் வழக்கம்போல ஓட்டியபிறகு மறுபடி ஸ்கேன் செய்கிறோம் என்று சொல்லி, முகத்தைப் பாருங்கள்.

மூணு வண்டி வித்தவன்

விற்கிற பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். காலையில் வருவார்கள், பட்டறைக்குக் கூட்டிப்போவார்கள், அரைநாள் போய்விடும், அப்புறம் போனை எடுக்கமாட்டார்கள். அதனால்தான் நானும் அட்வான்ஸ் கேட்பேன். கேட்பவரெல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. இழந்தாலும் தூக்கம் கெடாத அளவுக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். "பரிசோதனையில் பெரிய பழுது தெரிந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையான ஆள் இதற்கு மறுப்பே சொல்லமாட்டார்.

பேரத்தில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்றுதான். வைப்பர் தேய்ந்திருக்கிறது, பிரேக் பேட் பாதிதான் இருக்கிறது, சீட்டில் கறை என்று நீளமாகப் பட்டியல் போடுவது. பழைய வண்டி பழையதாகத்தானே இருக்கும்! அந்தத் தேய்மானமெல்லாம் கேட்கிற விலையிலேயே கழிந்துவிட்டது. வண்டியைத் திட்டினால் நான் ஒரு காசு குறைக்கமாட்டேன். பிடித்திருக்கிறது, ஆனால் இந்த ஒரு செலவு இருக்கிறது என்பவருக்குக் குறைத்திருக்கிறேன்.

காகிதம் பார்க்கிறவள்

இரண்டு பேரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். பட்டறைக்குச் செலவு செய்யுமுன் காகிதத்தைப் பாருங்கள், அதற்குக் காசு ஆகாது. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் பதிவுச் சான்றில் இருக்கும். அதையே சேஸிஸில் அடித்திருப்பதோடும், கதவு நிலையிலோ கண்ணாடி ஓரத்திலோ இருப்பதோடும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிஸில் அடித்த இடத்தைச் சுற்றி ராவிய தடமோ புது பெயின்டோ தெரிந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். கடனில் வாங்கிய வண்டியா? கடன் அடைந்ததற்கு வங்கிக் கடிதம் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. தயாரித்த நிறுவனம் ஏதாவது பாகத்தைத் திரும்ப அழைத்திருக்கிறதா என்பதையும் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்தே அவர்கள் தளத்தில் பார்க்கலாம், மாற்றித் தருவது அவர்கள் செலவு.

புது ஓட்டுநர்

எல்லாருக்கும் நன்றி. நிபந்தனையோடு தொகை சொன்னேன், சிறு அட்வான்ஸுக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எண்களெல்லாம் ஒத்துப்போகின்றன, கடன் இல்லை. மெக்கானிக்கிடம் நேரம் வாங்கியாயிற்று. அதற்குள் நானாகப் பார்த்ததில் இரண்டு சந்தேகம். முன் டயர் இரண்டிலும் 4022 என்றும் பின் டயர்களில் 1518 என்றும் இருக்கிறது. இடது முன்கதவு வெயிலில் மட்டும் கொஞ்சம் வேறு நிறமாகத் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

பட்டறைக்காரன்

டயர் விஷயம் நல்ல சேதிதான். 1518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் செய்தது, அதாவது வண்டியோடு வந்த டயராகத்தான் இருக்க வேண்டும். அதில் இன்னும் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், மிச்சம் இருக்கிறது என்றால் 41,000 என்பது பொய்யாக இருக்க வாய்ப்புக் குறைவு. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் முன் டயர் முதலில் தேய்வதும் இயல்பு. சர்வீஸ் ரசீதுகளில் ஒவ்வொரு முறையும் எழுதிய கிலோமீட்டர் ஏறுமுகமாக இருக்கிறதா, பெடல் ரப்பர் வழவழப்பாகிவிட்டதா என்று பார்த்தால் முடிந்தது. ஆனால் பின் டயரின் ரப்பர் கிழடாகிவிட்டது. பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் சிறு சிறு வெடிப்பு தெரியும், விரலால் வளைத்துப் பாருங்கள். இரண்டு டயர் மாற்றும் செலவு நியாயமான கழிவு, தாளில் ஏற்றுங்கள்.

கதவுக்கு பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி வேண்டும், என்னிடம் இருப்பதுபோல உங்கள் மெக்கானிக்கிடமும் இருக்கும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானை ஒட்டி வரும். அந்தக் கதவில் மட்டும் 250, 300 என்றால் மேலே இன்னொரு பூச்சு, யாரோ உரசியிருப்பார்கள். அது பெரிய விஷயமில்லை. ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி, அதாவது நசுங்கிய பள்ளத்தை நிரப்பிய பூச்சு. அப்போதும் கதவு பிரச்சினை இல்லை, கதவுக்குப் பின்னால் உள்ள தூண்தான் பிரச்சினை. கதவைத் திறந்து ரப்பரைக் கொஞ்சம் விலக்கினால் கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும். மேடுபள்ளமாக இருந்தால் பக்கவாட்டில் நன்றாக அடி வாங்கிய வண்டி. அதை விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

தூண் சரியாக இருந்தால் பேச உட்காருங்கள். எவ்வளவுக்கு மேல் போகமாட்டேன் என்பதை வீட்டிலேயே எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், தலையாட்டும் ரகத்துக்கு அது அவசியம். தாளைக் காட்டி, "வண்டி பிடித்திருக்கிறது. டயருக்கு இவ்வளவு, மெக்கானிக் எழுதிய இந்தச் செலவு இவ்வளவு, பேசிய விலையில் இதைக் கழித்துக்கொள்ளலாமா" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அமைதி தாங்காமல் நீங்களே "பாதியாவது" என்று இறங்கிவிடக் கூடாது. டயரை நானே மாற்றித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், இருப்பதிலேயே மலிவானதைத்தான் மாட்டுவார். பணமாகக் கழிக்கச் சொல்லுங்கள்.