டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்: வால்வில் படியும் கரிக்கு டேங்க் கிளீனர் போதுமா?

கேள்வி:
1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 4 சிலிண்டர், 92,000 கி.மீ. முதல் ஸ்டார்ட்டில் அரை நிமிஷம் மிஸ்ஸிங் அடித்து உதறுகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. ஸ்கேனரில் பி0300 (குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மிஸ்ஃபயர் ஆவதைச் சொல்லும் கோடு). பிளக் புதுசு, காயில்களை இடம் மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. டேங்கில் ஊற்றும் கிளீனர் போதுமா, இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) கழற்றித்தான் ஆகணுமா?

பதில் 1:
அந்தக் கிளீனர் இன்டேக் வால்வைத் தொடவே தொடாது. போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வின் முதுகில் விழுந்து கழுவிக்கொண்டே இருக்கும். உங்கள் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. வால்வுக்கு வந்து சேருவது காற்றும், பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பு) வழியாக வரும் ஆயில் ஆவியும்தான். அந்த ஆயில் சூட்டில் வெந்து கரியாகிறது. பிஇஏ (பாலிஈதர் அமீன்) என்ற சுத்திகரிப்பு ரசாயனம் கலந்த கிளீனர் இன்ஜெக்டர் முனைக்கு நல்லது, அதோடு சரி. முதலில் த்ராட்டில் பாடி வழியாகவோ மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார்) துளை வழியாகவோ போரோஸ்கோப் (மெல்லிய குழாய் கேமரா) விட்டுப் பாருங்கள். வழி கிடைக்காவிட்டால் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

பதில் 2:
கரி தடிப்பாக இருந்தால் வால்நட் பிளாஸ்டிங்தான் சரி, அதாவது வால்நட் (அக்ரூட்) ஓட்டுத்தூளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது. பொடித்த வால்நட் ஓடு கரியைப் பெயர்க்கும், வால்வு உலோகத்தைக் கீறாது. மணலோ கண்ணாடி மணியோ வேண்டவே வேண்டாம். ஒரு துகள் உள்ளே போனாலும் சிலிண்டர் சுவர் போச்சு.

பிளாஸ்ட் பண்ணும் போர்ட்டின் இன்டேக் வால்வுகள் முழுக்க மூடியிருக்கணும், இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால், 1-ஆம் சிலிண்டரை கம்ப்ரெஷன் டிடிசி-யில் (கம்ப்ரெஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்துங்கள்: 1, 2 இரண்டின் இன்டேக் வால்வுகளும் மூடியிருக்கும். அவற்றை முடித்து, கிராங்கை அது சுற்றும் திசையிலேயே ஒரு முழுச்சுற்று சுற்றினால் 3, 4. மற்ற போர்ட்டுகளைத் துணியால் அடைத்து வையுங்கள்.

வேக்குவம் கிளீனர் அடாப்டரைப் போர்ட்டில் பொருத்தி, 90 பிஎஸ்ஐ அளவில் சில விநாடிகள் அடித்து, நிறுத்தி, பாருங்கள். கரி மேலே பொடியாக இருந்தாலும் அடியில் தார் மாதிரி பிசுபிசுக்கும். அது வரவில்லை என்றால் கார்பன் கிளீனர் ஊற்றி அரை மணி ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உறிஞ்சி, நன்றாகக் காயவிட்டு மறுபடி அடியுங்கள். ஈரத்தில் ஓட்டுத்தூள் கட்டிதட்டி வால்வு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். போர்ட்டில் ஒரு துகளும் இல்லை என்று வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகே கிராங்கைச் சுற்றுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் புதுசு போடுங்கள். மாஸ்க், கண்ணாடி கட்டாயம். கொட்டை அலர்ஜி உள்ளவர் இந்தத் தூசியின் பக்கமே வரக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
கழற்றாமல், ஓடும் எஞ்சினில் ஸ்ப்ரே அடித்தால்?

பதில் 3:
மெல்லிய படிவுக்குக் கொஞ்சம் உதவும். 92,000 கி.மீ. கரிக்கு அது காணாது. பெரிய கட்டியாகப் பெயர்ந்தால் டர்போ டர்பைன் வழியாகத்தான் வெளியேறணும், அந்த ஆபத்து வேறு. ஏர்ஃப்ளோ சென்சாருக்கு முன்னால் அடித்தால் சென்சாரும் கெடும்.

சுத்தம் பண்ணுவதோடு விடாமல் பிசிவி-யையும் பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கும்போது உள்ளிருந்து பலமாக இழுத்துப் பிடித்தாலோ, விசில் சத்தம் வந்தாலோ, பிசிவி வால்வின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றாவிட்டால் கரி சீக்கிரமே திரும்பி வரும். கேட்ச் கேன் (பிசிவி வழியில் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா) போட்டால் ஆயில் ஆவி குறையும், ஆனால் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் முன்பே எட்டிப் பார்த்துக் காலி பண்ணணும்.